சாப்ட்வேர் சிந்தசைசர்: பழைய கீபோர்டின் ஒலியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

1954-ல் வெளிவந்த "நாகின்" இந்திப் படத்தின் மகுடி இசை நம் ஊர்க் கல்யாண பாண்டு வாத்தியம் வரை வந்து சேர்ந்த ஒன்று. ஆனால் அந்தப் பாட்டில் வாசித்தது மகுடியே அல்ல. கிளாவியோலின் என்ற மின்னணு கீபோர்டைக் கல்யாண்ஜி வாசிக்க, ரவி ஹார்மோனியம் சேர்த்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் எழுப்பக்கூடிய சின்னக் கருவி அது. ஒரு வாத்தியத்தைப் போல இன்னொன்றை ஒலிக்க வைக்கும் வேலை நமக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. பழைய சிந்தசைசர்களின் உள்ளே மின்சாரம் எப்படி நடந்துகொண்டதோ, அதைக் கணக்காக மாற்றி, நம் கம்ப்யூட்டரின் பிராசஸரில் ஓட வைக்கிறார்கள். இதைத்தான் எமுலேஷன் என்கிறோம். 1997-ல் வந்த ரீபெர்த் என்ற சாப்ட்வேர் ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303 பெட்டியை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தது. 1999-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் வி.எஸ்.டி. முறையில் இசைக் கருவிகளையும் சேர்த்த பிறகு, இவை மழைக்குப் பின் காளான் போல முளைத்துவிட்டன. இப்போது இலவசமாகவே நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. பிரச்னையே அங்கேதான். எதை வைத்துக்கொள்வது?

பெரும்பாலோர் இரண்டு விஷயங்களைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒன்று, திரையில் தெரியும் அழகான மரச்சட்டமும் குமிழ்களும். இன்னொன்று, "2000 பிரீசெட்" என்ற விளம்பரம். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒதுக்கிவிடலாம். அசல் கருவி டிஜிட்டலா அனலாக்கா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு அந்த சாப்ட்வேர் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நம் பாட்டுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

டிஜிட்டல் கருவி என்றால் கவலை குறைவு

யமஹா டி.எக்ஸ்-7 கீபோர்டு 1983-ல் வந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எப்.எம். முறையில் இயங்கியது. ஒரு ஒலி அலையைக் கொண்டு இன்னொரு ஒலி அலையை வேகமாக அசைத்தால், மணி போலவும் கண்ணாடி போலவும் புதிய ஒலிகள் பிறக்கும். அதுதான் எப்.எம். இதில் இப்படி அசைக்கும் அலைகள் 6. அவற்றை இணைக்கும் வரைபடங்கள் 32. ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள் வாசிக்கலாம். 80-களின் சினிமாப் பாட்டுகளில் கணீரென்று வரும் எலக்ட்ரிக் பியானோ என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து ஒலிதான். (1986-ல் வந்த "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தியது அன்று பெரிய செய்தி.)

டி.எக்ஸ்-7-க்குள் நடந்ததே கூட்டல், பெருக்கல் கணக்குதான். அதே கணக்கை நம் கம்ப்யூட்டரில் போட்டால் ஏறக்குறைய அதே விடை வரும். அதனால் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. டெக்ஸெட் என்ற இலவச சாப்ட்வேர் போதும். கூகுளில் தேடும்போது ஆங்கிலத்தில் டி, இ, எக்ஸ், இ, டி என்று டைப் செய்து, பக்கத்தில் டி.எக்ஸ்-7 என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் செய்தபின் திரையில் உள்ள "கார்ட்" பட்டனைக் கிளிக் செய்திடவும். அசல் கீபோர்டில் செருகிய கார்ட்ரிட்ஜ்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் 32 ஒலிகள். டி.எக்ஸ்-7 வைத்திருந்தவர்கள் சேமித்த சிஸெக்ஸ் பைல்களையும் இதில் அப்படியே திறக்கலாம். அடுத்து "பார்ம்" பட்டனைக் கிளிக் செய்து, என்ஜின் என்ற இடத்தில் "மார்க் 1" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய கருவியின் லேசான கரகரப்பு வரும். சுத்தமாக வேண்டும் என்றால் "மாடர்ன்". கரகரப்புதான் எனக்குப் பிடிக்கிறது.

அனலாக் கருவி என்றால் காது வேண்டும்

1970-ன் மினிமோக், 1981-ன் ஜூபிடர்-8, 1982-ன் ஜூனோ-60 எல்லாம் வேறு ஜாதி. (மூக் என்று படிக்காதீர்கள், மோக் என்பதே சரி.) இவற்றில் பில்டர் வேலையை டிரான்சிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் செய்தன. சூடேறினால் மினிமோக், ஜூபிடர்-8 போன்றவற்றில் சுருதி நகரும். இரண்டு கருவிகள் அச்சு அசலாக ஒன்றுபோல ஒலிக்காது. இதைக் கணக்கில் கொண்டு வருவது சிரமம். அதிகத் துல்லியம் வேண்டும் என்றால் பிராசஸருக்குச் சுமை ஏறும். 2011-ல் வந்த டைவா என்ற சாப்ட்வேர் இதற்குப் பெயர் பெற்றது. ஒலி அருமை, ஆனால் பழைய லேப்டாப்பில் நாலு ஸ்வரம் சேர்த்து அழுத்தினால் மூச்சு வாங்கும்.

இலவசத்தில் என் தேர்வு இரண்டு. ஜூனோ போன்ற அகலமான ஸ்டிரிங்ஸ் ஒலிக்கு டைரல் என்6. மற்ற எல்லாவற்றுக்கும் சர்ஜ் எக்ஸ்.டி. விலைக்கு விற்ற சாப்ட்வேராக இருந்த சர்ஜின் மூல நிரலை அதை எழுதியவரே 2018-ல் திறந்துவிட்டார். இது எந்த ஒரு பழைய கருவியின் நகலும் அல்ல. ஆனால் பில்டர் பட்டியலைத் திறந்தால் "வின்டேஜ் லேடர்" இருக்கும். அது மோக் பாணி. "டயோடு லேடர்" இருக்கும். அது டி.பி.-303 பாணி. வாங்கிய காசுக்கு மேல் என்பார்களே, இங்கே காசே இல்லை.

ஸ்வரத்துக்கு நடுவே என்ன நடக்கிறது?

1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக் கலைஞர் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். ஜூபிடர்-8-ல் ராகம், டி.பி.-303-ல் பேஸ், டி.ஆர்.-808-ல் தாளம். யமன், மால்கௌன்ஸ், பூபாளி என்று 10 ராகங்கள். நம் கணக்கில் கல்யாணி, இந்தோளம், மோகனம். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கேட்டுப் பாருங்கள். ஸ்வரங்கள் தனித்தனிக் கல்லாக விழாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகின்றன. அந்த வழுக்கல் இல்லாவிட்டால் அது வெறும் டிஸ்கோ.

சர்ஜில் இதைச் செய்ய, "பிளே மோடு" என்ற இடத்தில் "மோனோ எப்.பி." என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு "போர்ட்டமெண்டோ" ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் மட்டும் ஸ்வரம் வழுக்கும். விட்டு அழுத்தினால் வழுக்காது. நாதஸ்வரக்காரர் மூச்சை விடாமல் வாசிப்பதற்கும், நிறுத்தி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட கையில் வந்துவிடும்.

கமகத்துக்கு பிட்ச் பெண்ட் வீல் வேண்டும். ஸட்ஜத்தை சி கட்டையில் வைத்துக்கொண்டு, தோடியின் காந்தாரத்தை, அதாவது டி ஷார்ப் கட்டையை அழுத்துங்கள். பெண்ட் அளவு 2 என்றே வைத்திருந்தால், வீலை முழுதாக மேலே தள்ளும்போது மத்யமம் வரும், கீழே இழுத்தால் ரிஷபம் வரும். தோடிக் காந்தாரத்தின் ஆட்டம் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரு சாப்ட்வேரைச் சோதிக்க இதைவிடச் சின்னப் பரீட்சை எனக்குத் தெரியாது.

நீண்ட ஜாரு வேண்டுமென்று பெண்ட் அளவை 12 ஆக்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மிடி விதிப்படி வீலுக்கு 16,384 படிகள் உண்டு. மலிவான கீபோர்டுகளில் சில 128 படிகளையே அனுப்பும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே 100 சென்ட் என்று வைத்தால், அளவு 2-ல் ஒரு படி சுமார் 3 சென்ட். காதுக்குத் தெரியாது. அளவு 12-ல் ஒரு படி ஏறக்குறைய 19 சென்ட். மாடிப்படி இறங்குவது போல் தடக் தடக்கென்று கேட்கும். குறை சாப்ட்வேரில் இல்லை, வீலில்.

பொள்ளாச்சிப் பக்கம் மெல்லிசைக் குழு வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்குப் போன வருஷம் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். பழைய கீபோர்டில் பாதிக் கட்டைகள் எழவில்லை. பங்குனியில் மாரியம்மன் நோம்பி. புதிது வாங்க அறுபதாயிரம் புரட்ட வேண்டும், அதற்குத் தோட்டத்துத் தேங்காய்ப் பணம் முழுவதும் போய்விடும். லேப்டாப்பைப் பார்த்ததும், "ஏனுங் தம்பி, இந்தப் பொட்டிய நம்பி மேடை ஏறலாமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் முதலில் ஒலிகளைத் தேடவில்லை. அவர் ஒரு இரவில் வாசிக்கும் பாட்டுகளைக் காகிதத்தில் எழுதினோம். 30 பாட்டு. பிரித்துப் பார்த்தால் மூன்று ஒலிகளே போதும் என்று தெரிந்தது: டி.எக்ஸ். பியானோ, ஸ்டிரிங்ஸ், வழுக்கும் ஒற்றை ஒலி. மற்ற பிரீசெட்டுகளை அவர் இன்று வரை திறந்ததில்லை.

மேடையில் அவருக்கு இருந்த பெரிய பயம் தாமதம். கட்டையை அழுத்தியதும் ஒலி வர ஆகும் நேரம் இது. பபர் அளவை 44,100-ஆல் வகுத்தால் விடை கிடைக்கும். 1024 என்றால் 23 மில்லி செகண்ட். உங்கள் ஸ்பீக்கர் 8 மீட்டர் தள்ளி இருப்பது போல. உருமிக்காரர் பக்கத்தில் நின்று அடிக்கும்போது தாளம் பிசகும். 256 ஆக்கினால் 6 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும், ஸ்பீக்கர் 2 மீட்டரில். சவுண்டு கார்டு தரும் தாமதம் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். தனி ஆடியோ இன்டர்பேஸ் இல்லாதவர்கள் விண்டோஸில் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை இன்ஸ்டால் செய்து, அதன் செட்டிங்கில் பபரை 256-க்குக் குறையுங்கள். இடையில் பட் பட் என்று சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். மேடை ஏறுமுன் வை-பை, ஆன்டிவைரஸ் ஸ்கேன் இரண்டையும் நிறுத்திவிடவும். சார்ஜர் போட்டதும் ஊம் என்று இரைச்சல் வந்தால் எர்த் கோளாறு. பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

காசு கொடுத்து வாங்க நினைப்பவர்களுக்கு ஆர்டூரியா, கோர்க் நிறுவனங்களின் தொகுப்புகள் இருக்கின்றன. ஜூபிடர்-8-ஐ ரோலண்டே சாப்ட்வேராக விற்கிறது. சோதனைப் பதிப்பு கிடைத்தால் மேலே சொன்ன தோடிப் பரீட்சையை முதலில் வையுங்கள். "கிராக்" செய்த காப்பிகள் பக்கம் போகாதீர்கள். இலவசமாகவே இவ்வளவு இருக்கும்போது வைரஸை வீட்டுக்கு அழைப்பானேன்?

வி.எஸ்.டி.3 பைல்கள் சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ், அதற்குள் காமன் பைல்ஸ், அதற்குள் வி.எஸ்.டி.3 என்ற போல்டரில் இருக்கும். ரீப்பர் போன்ற ரெகார்டிங் சாப்ட்வேர் ஏதும் இல்லாவிட்டாலும் டெக்ஸெட், சர்ஜ் இரண்டும் தனி புரோகிராமாகவே இயங்கும். டைரல் மட்டும் தனியாக இயங்காது. நீங்கள் திருத்திய ஒலிகளை உங்கள் பெயரில் சேவ் செய்து, அந்த பைல்களை ஒரு பென் டிரைவிலும் போட்டு கீபோர்டு பையிலேயே வைத்துவிடுங்கள்.