அமுதம் கொணர்ந்த பறவை

திருவொற்றியூரை அடுத்துள்ள காலடிப்பேட்டையின் பெயரில் ஓர் ஆங்கிலேயர் மறைந்திருக்கிறார். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் காலத்தில் நெசவாளர்களுக்கென அமைந்த குடியிருப்பு இது. காலெட் பேட்டை என்பது மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள், பிரமோற்சவத்தின்போது கருடன்மீது எழுந்தருள்வார்.

கருடனை வைணவர் 'பெரிய திருவடி' என்பர். சங்கப் புலவர்களும் திருமாலைப் பறவைக்கொடி உடையவனாகப் பாடியுள்ளனர். கருடனைச் சுட்ட அவர்களுக்குப் 'புள்' என்னும் பொதுச்சொல்லே போதுமானதாக இருந்தது. எனினும், ஊர்தியாகவும் கொடியாகவும் ஆவதற்கு முன்பு கருடன் ஓர் அடிமைத்தாயின் மகன்.

குதிரையொன்றின் வாலின் நிறம் பற்றிய பந்தயத்தில் வினதை தோற்றாள். வஞ்சனையால் வென்ற கத்ருவுக்கு அடிமையானாள். தாயை விடுவிக்க என்ன விலை வேண்டும் என்று கத்ருவின் மக்களாகிய நாகர்களிடம் கருடன் கேட்டான். அவர்கள் கேட்டது தேவலோகத்து அமுதம். தேவர்களோடு பொருது அமுதத்தைக் கைப்பற்றித் திரும்பும் வழியில், அவன் அதில் ஒரு துளியையும் பருகவில்லை. அந்தத் தன்னலமின்மையைக் கண்டு மகிழ்ந்தே திருமால் அவனுக்கு வரமளித்தார் என்கிறது மகாபாரதத்தின் ஆதிபருவம். கருடனின் ஆற்றலைப் பலரும் புகழ்வர். கதையின் உயிர்நிலை அந்தப் பருகாத துளியில்தான் இருக்கிறது.

இதே கடற்கரையில் சற்றுத் தெற்கே, இராயபுரம் அரத்தூன் சாலையில் 1910இல் எழுந்த பார்சிகளின் தீக்கோயில் உள்ளது. பார்சிகளின் முன்னோர் வாழ்ந்த ஈரானிலும் ஒரு பெரும்பறவை உண்டு. அதன் பெயர் சீமுர்க். அவெஸ்தா மொழியில் இப்பறவைக்குரிய 'சயேனா' என்ற சொல்லும், பருந்தினத்தைக் குறிக்கும் 'சியேன' என்ற வடசொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பிர்தௌசி 1010ஆம் ஆண்டளவில் முடித்த ஷாநாமா காப்பியத்தில், நரைத்த தலைமுடியோடு பிறந்த சால் என்னும் குழந்தையைத் தந்தை மலையில் கைவிடுகிறான். சீமுர்க் அக்குழந்தையை எடுத்து வளர்க்கிறது. பிரியும்போது தன் இறகைத் தந்து, இடர் வந்தால் எரிக்கும்படி சொல்கிறது. பின்னாளில் மனைவி மகப்பேற்றில் உயிருக்குப் போராடும்போது சால் அவ்விறகை எரிக்கிறான். பறவை வந்து வழிகாட்ட, தாயும் சேயும் பிழைக்கின்றனர். அச்சேய்தான் மாவீரன் ருஸ்தம்.

நம் மேடைப்பேச்சுகளில் மிகுதியும் அடிபடுவது பீனிக்ஸ் பறவை. அது தானே எரிந்து, தன் சாம்பலிலிருந்து தானே எழுவது. சீமுர்க்கின் இறகு எரிவதோ பிறர் பிழைப்பதற்காக.

எண்ணூர்த் துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல்கள் வரும் இந்தோனேசியாவில் கருடன் நாட்டுச் சின்னமாகவே விளங்குகிறது. கிழக்குச் சாவகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கிடால் கோயிலின் அடித்தளத்தில், கருடன் நாகங்களைச் சுமப்பதும், அமுதக் குடத்தைச் சுமப்பதும், தாயைச் சுமப்பதும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. தாயின் தளையை அறுத்த பறவை, டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாட்டுக்கு 1950இல் சின்னமாயிற்று. இன்று அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் இசுலாமியர். கருடனை அவர்கள் அயலாகக் கருதவில்லை.

தெரிந்து தெளிவோம்

இந்தோனேசியச் சின்னத்தில் உள்ள கருடனின் ஒவ்வொரு சிறகிலும் 17 இறகுகளும், வாலில் 8 இறகுகளும், கழுத்தில் 45 இறகுகளும் உள்ளன. அந்நாடு விடுதலையை அறிவித்த நாள் 17.8.1945.