போன் வாங்கப் போறியா பாப்பா? பெட்டியில சின்ன எழுத்தைப் படி!

பாப்பா, முதல் சம்பளத்துல புது போன் வாங்கப் போறேன்னு நீ சொன்னதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். பட்ஜெட் இருபத்தஞ்சாயிரம்னு சொன்னே. நல்ல போன் கிடைக்கறதும் இந்த விலையிலதான், ஏமாந்து போறதும் இந்த விலையிலதான். அறுபதாயிரம் ரூபா போன்ல கம்பெனி பெருசா எதையும் குறைக்காது. பத்தாயிரம் ரூபா போன்ல எல்லாமே சுமாராத்தான் இருக்கும்னு தெரிஞ்சே வாங்கறோம். நடு விலை போன்லதான் ஒண்ணைக் கூட்டி இன்னொண்ணைக் குறைப்பாங்க. கூட்டினது பெட்டி மேல கொட்டை எழுத்துல இருக்கும். குறைச்சதை நாமதான் தேடிப் பிடிக்கணும்.

எப்படித் தேடறதுன்னு சொல்ல, 2024 தொடக்கத்துல நம்ம நாட்டுக்கு வந்த மூணு போனை எடுத்துக்கறேன். ஜனவரியில வந்த ரெட்மி நோட் 13 ப்ரோ, மார்ச்ல வந்த நத்திங் போன் 2ஏ, அதே மார்ச்ல வந்த சாம்சங் கேலக்ஸி ஏ35. வந்தப்போ 8 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. ஸ்டோரேஜ் மாடலுக்கு முறையே 25,999, 23,999, 30,999 ரூபா. அதுக்கப்புறம் எத்தனையோ மாடல் வந்தாச்சு, நீ போறப்போ கடையில வேற பேர்தான் இருக்கும். ஆனா இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா, எந்தக் கம்பெனி எதுல கை வச்சிருக்குன்னு பளிச்சுனு தெரியும்.

முதல்ல ஸ்டோரேஜ். எத்தனை ஜி.பி.ன்னு எல்லாரும் கேக்கறாங்க, என்ன வகைன்னு யாரும் கேக்கறதில்லை. நான் முதல்ல அதைத்தான் கேப்பேன். இ.எம்.எம்.சி. 5.1னு பழைய வகை ஒண்ணு இன்னமும் விலை குறைஞ்ச போன்ல வருது. அது விநாடிக்கு ஏறக்குறைய 300 எம்.பி. வேகத்துல படிக்கும். யு.எஃப்.எஸ். 2.2ன்னா ஏறக்குறைய 1,000 எம்.பி., யு.எஃப்.எஸ். 3.1ன்னா சுமார் 2,000 எம்.பி. ஆப் திறக்கறது, கேலரியில பழைய போட்டோவைத் தேடறது, அப்டேட் ஏத்தறது எல்லாம் இந்த வேகத்தை நம்பித்தான் நடக்குது. புதுசுல வித்தியாசம் தெரியாது. மெமரி முக்கால்வாசி நிறைஞ்சதுக்கு அப்புறம்தான் பழைய வகை போன் திணற ஆரம்பிக்கும், அதுக்குள்ள வாரன்டியும் முடிஞ்சிருக்கும். ரெட்மி, நத்திங் ரெண்டுலயும் யு.எஃப்.எஸ். 2.2 இருக்கு. நீ கொடுக்கற காசுக்கு அதுக்குக் கீழ இறங்கவே இறங்காதே.

அளவைப் பொறுத்தவரை 256 ஜி.பி.யே எடு. 128ல சிஸ்டமும் கூடவே வர்ற ஆப்பும் இருபது ஜி.பி.க்கு மேல எடுத்துக்கும். மிச்சத்தை நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்ல வர்ற வீடியோவும் கல்யாண ஆல்பமுமே நிரப்பிடும். நத்திங்ல 128லேருந்து 256க்குப் போக அப்போ கூடுதல் விலை 2,000 ரூபாதான். ரெட்மியிலயும் நத்திங்லயும் மெமரி கார்டு போடவே முடியாது, அதனால பின்னாடி கூட்டிக்கலாம்னு நினைக்க வழியில்லை. சாம்சங்ல கார்டு போடலாம், ஆனா ரெண்டாவது சிம் போடற இடத்துலதான் போடணும். ஆபீஸ் சிம், சொந்த சிம்னு ரெண்டு வச்சிருக்கற உனக்கு அது உதவாது.

ரேம் 8 ஜி.பி. இருந்தா தாராளம். சில பெட்டியில "16 ஜி.பி. ரேம்"னு பெருசாப் போட்டு, கீழ பொடி எழுத்துல "8 + 8"னு போட்டிருப்பாங்க. அந்த ரெண்டாவது எட்டு, ஸ்டோரேஜ்லேருந்து கடன் வாங்கினது. சமையல் மேடையில இடம் போதலைன்னு பாதி பாத்திரத்தைப் பரண்ல ஏத்தி வைக்கற மாதிரிதான் அது. வேணுங்கறப்போ ஏறி இறங்கி எடுக்கற நேரம் ஆகும். அந்த எண்ணுக்காக ஒரு ரூபா கூடக் கொடுக்க வேண்டாம்.

ப்ராசஸர் பேருல நடுவுல ஒரு குட்டி எழுத்து வந்தா நின்னு படி. ஸ்னாப்டிராகன் 7 ஜென் 3 வேற, 7எஸ் ஜென் 2 வேற. ரெட்மியில இருக்கறது 7எஸ் ஜென் 2. அதோட முக்கியமான கோர் ஏ78, 2020ல அறிவிச்ச டிசைன். சாம்சங் ஏ35ல இருக்கற எக்ஸினோஸ் 1380லயும் அதே ஏ78தான். மூணுலயும் விலை குறைஞ்ச நத்திங்ல இருக்கற டைமன்சிட்டி 7200 ப்ரோவுல மட்டும் 2022ல வந்த ஏ715. விலை ஏறினா சிப்பும் புதுசா இருக்கும்னு நம்பிடாதேன்னு சொல்லத்தான் இதைச் சொல்றேன். நீ பெருசா கேம் ஆடறவ இல்லை, அதனால மூணுமே உனக்குப் போதும். நம்ம தம்பிக்குன்னா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

இப்போ கடையில யாருமே எடுத்துச் சொல்லாத விஷயம்: எத்தனை வருஷம் அப்டேட் வரும்? உன் சம்பளம் வர்ற வங்கி ஆப், ஜிபே, டிஜிலாக்கர் எல்லாம் அந்த ஒரே போன்லதான் இருக்கப் போகுது. செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோன போன்ல அதையெல்லாம் வச்சிருக்கறது எனக்கு பயமாத்தான் இருக்கு. சாம்சங் ஏ35க்கு நாலு ஆண்ட்ராய்டு அப்டேட், அஞ்சு வருஷ செக்யூரிட்டின்னு கம்பெனி சொல்லியிருக்கு. நத்திங் 2ஏக்கு மூணு ஆண்ட்ராய்டு, நாலு வருஷ செக்யூரிட்டி. ரெட்மிக்கும் அதே மூணு, நாலுதான். ஆனா அது கடைக்கு வந்ததே ஆண்ட்ராய்டு 13ல. அதுக்கு முன்னாடியே, 2023 அக்டோபர்லயே, ஆண்ட்ராய்டு 14 வெளிவந்தாச்சு. அப்போ மூணுல ஒண்ணு பழைய பாக்கியைத் தீர்க்கவே போயிடும். அதனால எத்தனை அப்டேட்னு கேக்கறப்போவே, எந்த ஆண்ட்ராய்டோட வருதுன்னும் கேளு. இன்னொண்ணு, இந்தக் கணக்கு போன் வெளிவந்த நாளிலேருந்து ஓடும், நீ வாங்கின நாளிலேருந்து இல்லை. ரெண்டு வருஷப் பழைய மாடலைத் தள்ளுபடியில பிடிச்சா, ரெண்டு வருஷ அப்டேட்டையும் தள்ளிட்டுத்தான் கொடுப்பாங்க.

கேமராவுக்கு வரேன். நீ கண்டிப்பா மயங்கற இடம் இது. ரெட்மியில 200 மெகாபிக்ஸல், நத்திங்ல 50 மெகாபிக்ஸல். நாலு மடங்கு நல்லா இருக்கும்னு தோணும் இல்லையா? நீ சாதாரணமா எடுக்கற படம் ரெண்டுலயும் 12.5 மெகாபிக்ஸல்தான். ரெட்மி பதினாறு புள்ளியைச் சேர்த்து ஒரு புள்ளி ஆக்குது, நத்திங் நாலு புள்ளியைச் சேர்த்து ஒண்ணாக்குது. வெளிச்சம் கம்மியா இருக்கற இடத்துல இரைச்சல் இல்லாம படம் வர இப்படிச் சேர்க்கறது நல்லதுதான். ஆனா பெட்டியில போட்ட எண்ணுக்கும் உன் கைக்கு வர்ற படத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைன்னு புரிஞ்சுக்கோ.

மெகாபிக்ஸலை விட முக்கியம் ஓ.ஐ.எஸ். கை நடுங்கறப்போ அதுக்கு எதிர்ப்பக்கமா லென்ஸே நகர்ந்து சரி பண்ணும். ராத்திரி கோயில் தேரையோ மண்டபத்துல மேடையையோ எடுக்கறப்போ ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அங்கேதான் இதோட அருமை தெரியும். மூணு போன்லயும் இது இருக்கு. இ.ஐ.எஸ்.னு மட்டும் போட்டிருந்தா அது மென்பொருள் வேலை, வீடியோவுக்கு உதவும், இருட்டுல எடுக்கற போட்டோவுக்கு உதவாது. பின்னாடி எத்தனை வட்டம் இருக்குன்னு எண்ணாதே. ரெட்மியில மூணு வட்டம், அதுல ஒண்ணு 2 மெகாபிக்ஸல் மேக்ரோ. நாலு நாள் பூவையும் எறும்பையும் எடுத்துட்டு மறந்துடுவே. நத்திங்ல ரெண்டே வட்டம், ரெண்டும் 50 மெகாபிக்ஸல், அதுல ஒண்ணு அகலமா எடுக்கற அல்ட்ரா வைட். குடும்பமா நிக்கறப்போ பெரியப்பா ஃப்ரேமுக்கு வெளியே போகாம இருக்க அந்த அல்ட்ரா வைட்தான் வேணும்.

கடையில டெமோ போனைக் கையில எடுத்ததும் செல்ஃபி எடுக்காதே. அங்கே அடிக்கற விளக்கு வெளிச்சத்துல எந்த கேமராவும் அழகாத்தான் காட்டும். மேசைக்கு அடியில கிடக்கற அட்டைப் பெட்டியைப் படம் எடு. அதுல அச்சடிச்ச எழுத்தை விரலால பெருசாக்கிப் பாரு. எழுத்தோட ஓரம் கலைஞ்சு வண்ணம் பூசின மாதிரி ஆயிடுச்சுன்னா, சாயங்கால வெளிச்சத்துல அம்மா முகமும் அப்படித்தான் வரும்.

டிஸ்ப்ளே அமோலெட், ஃபுல் எச்.டி. ப்ளஸ், 120 ஹெர்ட்ஸ். இது மூணும் இந்த விலைக்குச் சாதாரணமாக் கிடைக்கறதுதான், கிடைக்கலைன்னா அந்த மாடலை விட்டுடு. திரை வெளிச்சத்துக்கு நிட்ஸ்னு போடறதுல மட்டும் கவனமா இரு. ரெட்மிக்கு 1,800 நிட்ஸ்னு போட்டிருப்பாங்க, அது உச்சக் கணக்கு. எச்.டி.ஆர். வீடியோவுல திரையோட சின்ன இடத்துல மட்டும் அந்த வெளிச்சம் வரும். நீ ஸ்கூட்டியை ஓரமா நிறுத்தி மேப் பார்க்கற வெயில்ல முழுத் திரைக்கும் என்ன வெளிச்சம் வருதுங்கறதுதான் உனக்கு வேணும். நத்திங் இதைப் பிரிச்சே சொல்லுது: உச்சம் 1,300, வெளியில 1,100. டெமோ போனைக் கடை வாசலுக்கு எடுத்துட்டு வந்து, வெயில் படற மாதிரி பிடிச்சு, மேப் திறந்து தெரு பேரு தெரியுதான்னு பாரு. வேண்டாம்னா அவங்க சொல்லட்டும், நீ கூச்சப்படாதே.

அப்படியே அந்த போன்லேருந்து எனக்கு ஒரு கால் போடு. சிம் இல்லைன்னா உன் சிம்மை மாத்திப் போடச் சொல்லு. காதுல வச்சதும் திரை அணையணும், எடுத்ததும் எரியணும். சில போன்ல ப்ராக்ஸிமிட்டி சென்சாருக்குப் பதில் மென்பொருளை வச்சு ஒப்பேத்தறாங்க. பேசிட்டு இருக்கறப்பவே கன்னம் பட்டு ம்யூட் ஆகும், ஸ்பீக்கர் ஆன் ஆகும். ஸ்பெக் அட்டையை எவ்வளவு படிச்சாலும் இது தெரியாது.

பேட்டரி 5,000 எம்.ஏ.எச். இருந்தா உனக்கு ஒரு நாள் ஓடும். சார்ஜிங்ல 67 வாட், 80 வாட்னு சொல்றதெல்லாம் அந்தக் கம்பெனியோட சொந்த சார்ஜரும் கேபிளும் இருந்தாத்தான். ஹாஸ்டல் தோழியோட சார்ஜர்ல போட்டா வேகம் பாதிக்கும் கீழ போகலாம். ரெட்மி பெட்டியில சார்ஜர் உண்டு. நத்திங், சாம்சங் பெட்டியில கேபிள் மட்டும்தான், சார்ஜருக்குத் தனிக் காசு. சாம்சங்குக்கு வாங்கறப்போ பி.பி.எஸ். வசதியோட யு.எஸ்.பி. பவர் டெலிவரி இருக்கற 25 வாட் சார்ஜரா பாரு, இல்லேன்னா அதோட முழு வேகம் வராது. இந்தச் செலவையும் விலையோட கூட்டித்தான் மூணையும் ஒப்பிடணும்.

5ஜியில எத்தனை பேண்டுன்னு எண்ண வேண்டாம். என்28, என்78 ரெண்டும் இருந்தாப் போதும். என்28 ஜியோவோட 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ள வர்றது அதுதான். வெளிநாட்டுல வாங்கினது விலை குறைவா இருக்குன்னு யாராவது கொண்டுவந்து கொடுத்தா இதை முதல்ல பாரு.

மழையில நனையற வேலை உன்னோடது. ஐ.பி.54ன்னா தூறல், தெறிப்பு தாங்கும், ரெட்மியும் நத்திங்கும் அந்த ரகம். சாம்சங் ஏ35க்கு ஐ.பி.67, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணியில முப்பது நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். கடல் தண்ணி அந்தக் கணக்குல வராது. எந்த எண் இருந்தாலும் தண்ணி புகுந்து கெட்டுப்போனா பொதுவா வாரன்டியில வராது, அதனால ரெயின்கோட் பைக்குள்ள ஒரு ஜிப் கவர் எப்பவும் இருக்கட்டும்.

இந்த மூணுல உனக்கு எதுன்னு கேட்டா, நான் நத்திங் 256ஐத்தான் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு வாங்கறதா இருந்தா யோசிக்காம சாம்சங். ஒரு தடவை வாங்கினா அஞ்சு வருஷம் வச்சிருப்பாங்க, அடிக்கடி மாத்தவும் பிடிக்காது. நீ வாங்கப் போற மாடலுக்கு நம்ம ஊர்லயே சர்வீஸ் சென்டர் இருக்கான்னு முதல்ல பாரு. டிஸ்ப்ளே மாத்த எவ்வளவுன்னும் அங்கேயே கேட்டுடு. போன் விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல சொன்னா ரெண்டு தடவை யோசி.

கடையில டி-ஷர்ட் போட்டுட்டு நிக்கற ப்ரொமோட்டர் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனிக்காக நிக்கறவர். மரியாதையாப் பேசு, கேள்வி கேளு, ஆனா முடிவை வீட்டுலயே எடுத்துட்டுப் போ. "நோ காஸ்ட் இ.எம்.ஐ."னு சொன்னா ப்ராசஸிங் ஃபீ எவ்வளவு, வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. யார் கட்டறதுன்னு கேளு. அது ரெண்டும் உன் கார்டு பில்லுலதான் வந்து நிக்கும். சீலை உன் எதிர்லயே பிரிக்கச் சொல்லு. *#06# அடிச்சா வர்ற ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பெட்டியில இருக்கறதும் பில்லுல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். ஆங்கிலத்துல கே, ஒய், எம் மூணு எழுத்தையும் சேர்த்து அடிச்சு, ஒரு இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினா, அரசாங்கப் பதிவுல அந்த எண் என்ன நிலையில இருக்குன்னு பதில் வரும். செகண்ட் ஹேண்ட் வாங்கற உன் தோழிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடு.

வாங்கிட்டு வந்த அன்னைக்கே பழைய போனை அழிச்சுடாதே. முதல்ல வாட்ஸப் பேக்கப் எடுத்து புதுசுல ஏத்து. சிம்மை மாத்திப் போட்டு, வங்கி ஆப்பையும் ஜிபேயையும் புது போன்ல மறுபடி பதிவு பண்ணி, ஒரு ரூபா எனக்கு அனுப்பிப் பாரு. அதெல்லாம் சரியா ஓடினதுக்கு அப்புறம் பழைய போன்ல உன் கூகுள் கணக்கை நீக்கிட்டு, செட்டிங்ஸ் வழியா ரீசெட் பண்ணு. கணக்கை நீக்காம பட்டனை அழுத்திப் பிடிச்சு ரீசெட் பண்ணா, அந்த போனை அப்பா கையில கொடுத்ததும் உன் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிக்கும்.