ஆடி மழையும் லெதர் சீட்டும்

மும்பை தாதரில் மழை வலுத்தால் வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்பது ஒன்றுதான்: "ஹிந்த்மாதாவில் தண்ணி நிக்குதா?" 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்த நகரம், பயம் நியாயம்தான். ஆனால் லெதர் சீட்டுக்குப் பெரும்பாலும் எமனாவது வெள்ளம் அல்ல. நனைந்த குடை, ஈர பேண்ட், தாதர் பூ மார்க்கெட்டில் வாங்கிப் பின்சீட்டில் போட்ட சாமந்திப் பை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைச் சில நாள் மரத்தடியில் நிறுத்தினால் சீட்டின் தையலோரம் வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்துவிடும்.

துடைக்கும் முன் அது தோல்தானா என்று பாருங்கள். வண்டியின் கையேட்டில் 'லெதரெட்' என்று இருந்தால் அது பிளாஸ்டிக் பூச்சுத் துணி, நம் ஊர் ரெக்சினின் பங்காளி. விலை உயர்ந்த வண்டிகளில்கூட உட்காரும் பகுதி மட்டும் தோலாகவும் பக்கவாட்டு செயற்கையாகவும் இருப்பதுண்டு. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்த இடம் தாராவி. பதனிடும் தொட்டிகள் ஊரைவிட்டுப் போய்விட்டாலும் தோல் கடைகள் இன்னும் இருக்கின்றன. சந்தேகம் தீராதவர்கள் அங்கே நிஜத் தோலைத் தொட்டு, பின்புறத்து நாரையும் பார்த்துவிட்டு வரலாம்.

நிஜத் தோல் இலேசான அமிலத் தன்மை கொண்டது. துணி சோப்பும் சமையல் சோடாவும் அதற்கு நேர் எதிரான காரம். மேல்பூச்சு வறண்டு வெடிக்க அதுவே போதும். சானிடைசரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் நிறத்தையே உரித்தெடுக்கும். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பிசுபிசுப்பில் தூசி அப்பிக்கொள்ளும், பூஞ்சைக்கும் விருந்து.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மழை விட்ட நேரமாய்ப் பார்த்துக் கதவுகளைத் திறந்து வைத்து, தையல் இடுக்கிலுள்ள தூசியை மென்மையான பிரஷ் முனை வைத்த வேக்குவத்தால் இழுங்கள். லெதர் கிளீனரைச் சீட்டில் அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் விட்டு, கண்ணில் படாத மூலையில் முதலில் சோதியுங்கள். துணியில் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் ஒரு கை அகலம் துடைப்பது, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவது, பிறகு அடுத்த கை அகலம். காற்று வரும் துளைகள் கொண்ட சீட்டில் ஈரம் இன்னும் குறைவாக இருக்கட்டும். அடியில் மின்விசிறியும் வயரும் இருக்கின்றன. கடைசியாக ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வண்டிக்கு அடியில் சொட்டி வெளியேறும்.

பூஞ்சை தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் அது வண்டி முழுக்கப் பறக்கும். அந்தத் துணியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். துடைத்த பிறகும் வாடை போகவில்லையென்றால் அது ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிட்டது. சீட்டைக் கழற்றத் தெரிந்தவரிடம் போங்கள்; பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கக்கூடும், வீட்டு ஸ்பேனர் வேலை இல்லை அது.

மாட்டுங்கா கோயிலுக்குப் போய்வந்த வண்டியில் குங்குமமும் மஞ்சளும் சிந்தாமல் இருக்காது. பொடியாக இருக்கும்போதே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு மஞ்சள் கறையில் சோப்புத் தண்ணீர் போட்டால் கறை சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற அதே ரசாயனம்தான்.

தேங்கிய தண்ணீர் சீட் வரை ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். இழுவை வண்டியையும் இன்சூரன்ஸ்காரரையும் கூப்பிட்டு, படம் எடுத்து வையுங்கள். அது சாக்கடை கலந்த தண்ணீர். எலிக்காய்ச்சல் பரவும் மாதங்களில் கையுறை இல்லாமல் துடைக்கப் போகாதீர்கள்.

லெதர் கண்டிஷனருக்கு இப்போது அவசரமில்லை. மும்பையில் மழை விலக அக்டோபர் ஆகும். வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியபின் மெல்லிய ஒரு பூச்சு போதும்.