முழங்கை வலி: குணத்தை அளந்தறிவோம்

பூம்புகார் வட்டாரத்தில் மண்வெட்டியும் அரிவாளும் பிடித்து உழைப்போர்க்கு முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் நோவதுண்டு. சிகிச்சையால் வலி தணிந்தவுடன் குணமாயிற்று எனக் கருதி முழு வேலைக்குத் திரும்புதல் தவறாகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களில் வலியைத் தணிக்கும். ஆயினும் ஓராண்டுக்குள் வலி திரும்புவது ஊசி போட்டுக்கொண்டோரிடையே மிகுதி என்பதை 2006, 2013ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின.

ஆகவே, வலி தொடங்கும் வரை கை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதை மருத்துவர்கள் கருவியால் அளந்து, நல்ல கையுடன் ஒப்பிடுகின்றனர். வலியும் வேலைத்திறனும் பற்றிய 15 வினாக்களுக்கு 100 மதிப்பெண். அது குறையக் குறைய நலமே. வீட்டிலும் நாம் நீர் நிறைந்த அதே செம்பை வாரந்தோறும் தூக்கிப் பார்த்து, வலியைக் குறித்து வைத்தல் நலம்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். ஊராட்சி அங்கத்தினர்கள் இதனை உழவர்க்கு எடுத்துரைப்பார்களாக!