தமிழகத்தில் வீடு வாங்குமுன்

வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு, முன்னோர் பிறந்த ஊரில் ஒரு வீடோ சிறிது நிலமோ வாங்கவேண்டும் என்னும் ஆவல் நம்மவருள் சிலருக்கு உண்டு. ஆவல் நன்றே. ஆயினும், பணம் அனுப்பியவருக்கே சொத்து உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது. பத்திரத்தில் எவர் பெயர் உள்ளதோ, அவரையே உரிமையாளராகக் கொள்வது வழக்கம்.

மலேசியக் குடிமக்களாகிய நாம் இந்தியச் சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. ஆதலால், முதற்படியாக இந்தியத் தூதரகத்தின் வழி ஓ.சி.ஐ. அட்டை பெறவேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் இவ்வட்டை இருப்பின், வீடு, வீட்டுமனை, கடை ஆகியவற்றை வாங்கலாம். வயல், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க இயலாது.

இத்தடையைக் கடக்க எண்ணி, உறவினர் பெயரில் வயல் வாங்குவோரும் உளர். இது பினாமி முறையாகும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடுக்கிறது. 2016இல் அச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. பின்னர் உறவினர் மறுத்தால், நிலத்தைக் கோரி நாம் வழக்குத் தொடர முடியாது. அரசு அதனைப் பறிமுதல் செய்யவும் கூடும்.

இரண்டாவதாக, ஆவணங்களை ஆராயவேண்டும். மூலப்பத்திரம் எவரிடம் உள்ளது? பட்டா எவர் பெயரில் உள்ளது? சொத்து அடமானத்தில் உள்ளதா என்பதை அறிய, 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்றிதழ் பெறுக. மனையாயின், அது அங்கீகாரம் பெற்றதா என்றும் பார்க்க. இவற்றை விற்பவரின் வழக்கறிஞரிடம் விடாது, நாமே அமர்த்தும் வழக்கறிஞரிடம் காட்டுதல் நலம்.

மூன்றாவதாக, விலைப்பணத்தை வங்கி வழியாகவே செலுத்தவேண்டும். வெளிநாட்டு நாணயத் தாள்களைக் கையிற் கொடுக்க விதிகள் இடந்தரா.

நான்காவது, பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2023 முதல் நூற்றுக்கு 2 என வசூலிக்கப்படுகிறது. அதாவது, ஒரு லட்சம் ரூபாய் மதிப்புக்கு 9,000 ரூபாய். இத்தொகையையும் முன்னரே ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

நேரில் செல்ல இயலாதவர், நம்பத்தக்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் அளிக்கலாம். அதில் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டுச் சான்று பெறுக. அது இந்தியாவை அடைந்த 3 மாதங்களுக்குள் அங்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்படவேண்டும். இன்ன வீட்டை வாங்குவதற்கு மட்டுமே அதிகாரம் என்று அதில் தெளிவாக எழுதுக. விற்கும் அதிகாரம் அளிக்க வேண்டா.

இறுதியாக, பட்டாவை மாற்றுக. பத்திரம் நம் பெயரில் பதிவாகி, பட்டாவும் மாறிய பின்னரே பணி நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.