பேன் ஒழிக்க 17 நாட்கள்

வகுப்பில் ஒரு மாணவி தலையைச் சொறிந்தால் பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். "குளிக்காதவள்" என்று கேலியும் கிளம்பும். இந்தக் கேலிக்கு அறிவியலில் ஆதாரமில்லை. பேன் அழுக்கைத் தின்பதில்லை. இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. நாள்தோறும் தலை குளிப்பவரிடமும் அது குடியேறும்.

பேனுக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் இயலாது. தலையோடு தலை சேரும்போது முடி வழியே ஊர்ந்து செல்கிறது. கீழே விழுந்த பேன் உணவின்றி ஓரிரு நாட்களில் இறந்துவிடும். ஆகவே வீடு முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை.

நாட்கணக்கு

வளர்ந்த பேன் ஓர் எள்ளின் அளவுதான்; நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். பெண் பேன் நாளொன்றுக்கு 8 முட்டைகள் வரை இடும். அவையே ஈர். முடியின் அடியில், தலைத்தோலின் வெப்பம் கிடைக்குமிடத்தில், பசைபோன்ற பொருளால் அவற்றை ஒட்டிவிடுகிறது. 7 முதல் 10 நாட்களில் குஞ்சு வெளிவரும். அது வளர்ந்து முட்டையிட மேலும் சுமார் 9 நாட்கள் ஆகும்.

ஒருநாள் வாரிவிட்டு நிறுத்தினால் பேன் மீண்டும் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா? பேன்கள் போய்விடும், ஈர்கள் தங்கிவிடும். எனவே 1, 5, 9, 13 ஆம் நாட்களில் வார வேண்டும். இடையில் பொரிக்கும் குஞ்சு எதுவும் முட்டையிடும் பருவத்தை எட்டுமுன் சீப்பில் சிக்கிவிடும். 17 ஆம் நாள் மீண்டும் வாரி, ஒன்றுமில்லை என்று உறுதி செய்யுங்கள். வீட்டிலுள்ள அனைவரது தலையையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. 10 நாட்களில் 3 மில்லிமீட்டர் அளவே. ஆகவே தலைத்தோலிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு அப்பால் காணும் ஈர் பெரும்பாலும் வெறும் கூடுதான்.

சீப்பின் இடைவெளி

இஸ்ரேலில் லாக்கீஷ் என்னும் தொன்மையான ஊரில் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. வயது சுமார் 3,700 ஆண்டுகள். ஒரு புறம் சிக்கெடுக்க 6 தடித்த பற்கள்; மறுபுறம் பேன் எடுக்க 14 நுண்ணிய பற்கள். பேன்களை இது நீக்கட்டும் என்று அதில் பொறித்திருப்பதை ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்டனர்.

பேன் சீப்பில் பற்களின் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. முடியின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் முடி நழுவும், பேன் சிக்கும்.

முடியை நனைத்து, எண்ணெயோ கண்டிஷனரோ தடவி வாருங்கள். உராய்வு குறைவதால் சீப்பு எளிதாக ஓடும். பேனும் விரைந்து ஓடாது. சிறு சிறு பகுதியாக, தலைத்தோலிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். குளிப்பது மட்டும் போதாது. பேன் தன் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு நீரில் பல மணி நேரம் உயிருடன் இருக்கும்.

எச்சரிக்கை

மண்ணெண்ணெயைத் தலையில் தடவாதீர்கள். அடுப்பருகே சென்றால் தீப்பற்றும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து தோல் வழியே உடலுக்குள் சென்று உயிரையே பறிக்கலாம். பேன் மருந்து தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். பல மருந்துகள் ஈரை முழுவதும் கொல்வதில்லை. அதனால்தான் இரண்டாம் முறையும் போடச் சொல்வார்கள். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செய்து பாருங்கள்

நோட்டுப் புத்தகத்தின் 100 தாள்களை அழுத்திப் பிடித்துத் தடிமனை அளந்து 100 ஆல் வகுத்தால் ஒரு தாளின் தடிமன் கிடைக்கும். அது 0.1 மில்லிமீட்டர் என்றால், 3 தாள்களைச் சேர்த்து உங்கள் வீட்டுப் பேன் சீப்பின் பற்களுக்கிடையே நுழையுங்கள். தடையின்றி நுழைகிறதா? அப்படியானால் இன்னும் நெருக்கமான சீப்பு வாங்க வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியால் தாளின் தடிமனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.