கனியா, விதையா: தழும்பு எண்ணி வகை அறியும் முறை

கொத்தமல்லி விதை, சூரியகாந்தி விதை என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுபவை தாவரவியலின்படி விதைகள் அல்ல. அவை ஒவ்வொன்றும் முழுமையான கனி. சமையலில் காய்கறியாகும் வெண்டையும் கத்தரியும் அமைப்பில் கனிகளே. பூவின் நடுவில் உள்ள சூலகத்தின் பருத்த அடிப்பகுதி சூற்பை எனப்படும். கருவுறுதலுக்குப் பின் சூற்பை முதிர்ந்து கனியாகவும், அதனுள் இருக்கும் சூல் முதிர்ந்து விதையாகவும் மாறுகின்றன. ஆகவே வகையை அறிய விரும்புவோர் சுவையையும் பயனையும் ஒதுக்கிவிட்டு, கனியில் எஞ்சியிருக்கும் பூவின் அடையாளங்களைத் தேட வேண்டும். ஜெர்மானியத் தாவரவியலாளர் யோசெப் கேர்ட்னர் 1788 முதல் 1791 வரை வெளியிட்ட நூல், கனிகளையும் விதைகளையும் அறுத்துப் பார்த்து விவரித்ததாலேயே இத்துறைக்கு அடித்தளம் ஆயிற்று. கூரிய கத்தி, கைவில்லை, சிறிது அயோடின் கரைசல், இரவு முழுதும் ஊறவைத்த சில விதைகள் ஆகியவை இருந்தால் அம்முறையை எவரும் பின்பற்றலாம்.

முதலில் தழும்புகளை எண்ண வேண்டும். விதை, சூற்பையின் உட்சுவரோடு ஓரிடத்தில் மட்டுமே ஒட்டியிருப்பதால், அதில் விதைத்தழும்பு என்னும் ஒரே வடு இருக்கும். மொச்சையின் விளிம்பில் காணப்படும் நீண்ட வெண்கோடு அதுவே. கனியிலோ காம்பு இருந்த இடம் ஒன்றும், மகரந்தத்தை ஏற்ற சூல்தண்டு உதிர்ந்த இடம் ஒன்றுமாக இரண்டு வடுக்கள் இருக்கும். கொத்தமல்லியின் ஒரு முனையில் காம்பின் வடுவும் மறுமுனையில் சூல்தண்டின் எச்சமும் கைவில்லையில் தெளிவாகத் தெரியும். நெல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை: உமி கனியின் பகுதி அன்று, அதை நீக்கியபின் கிடைக்கும் அரிசியே கனி, அதன் கனித்தோலும் விதையுறையும் ஒன்றாக ஒட்டித் தவிடாகப் பிரிகின்றன.

அடுத்து, பூவைப் பச்சை நிறத்தில் தாங்கி நிற்கும் புல்லிவட்டம் எந்த முனையில் எஞ்சியுள்ளது என்று பார்க்க வேண்டும். தக்காளியிலும் கத்தரியிலும் அது காம்போடு இருப்பதால் சூற்பை அதற்கு மேலே அமைந்திருந்தது என்றும், கொய்யாவிலும் மாதுளையிலும் எதிர்முனையில் இருப்பதால் சூற்பை கீழே அமைந்திருந்தது என்றும் கொள்ளலாம்.

பின்னர் ஒரு கனியைக் குறுக்காகவும் மற்றொன்றை நெடுக்காகவும் அறுக்க வேண்டும். குறுக்குவெட்டு அறைகளின் எண்ணிக்கையையும் விதைகள் ஒட்டியிருக்கும் முறையையும் காட்டும். நெடுக்குவெட்டு கனித்தோலின் அடுக்குகளைக் காட்டும். மாங்கனியில் வெளித்தோல், உண்ணும் சதையாகிய நடுத்தோல், கெட்டியான ஓடாகிய உள்தோல் என மூன்று அடுக்குகள் இருப்பதால், மாங்கொட்டை என்று வழங்குவது விதை மட்டும் அன்று. உள்தோலும் அதனுள் அடங்கிய விதையும் சேர்ந்ததே அது. ஆமணக்கு முத்து விதையாகவும், வேப்பமுத்து உள்தோல் மூடிய விதையாகவும் இருப்பது, வழக்குச் சொல்லை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நல்ல சான்று. தேங்காயை இதே வரிசையில் படிப்பது மிகுந்த பயன் தரும்: நார் நிறைந்த மட்டை நடுத்தோல், சிரட்டை உள்தோல், பருப்பும் நீரும் கருவுக்கான உணவாகிய கருவூண். சிரட்டையின் மூன்று கண்கள் சூலகம் மூன்று சூலக இலைகளால் ஆனதைக் குறிக்கின்றன; அவற்றுள் ஒன்றே வளர்வதால், மென்மையான ஒரு கண்ணின் அடியில் மட்டும் கரு இருக்கும். பனங்காயில் பெரும்பாலும் மூன்றும் வளர்வதால்தான் மூன்று நுங்குகள் கிடைக்கின்றன.

உள்தோல் ஓடாக இறுகாமல் முழுவதும் சதைப்பற்றாக இருப்பின், தக்காளியும் வாழையும் போல, அது சதைக்கனியாகும். வாழைப்பழத்தின் நடுவில் காணப்படும் கருநிறப் புள்ளிகள் விதையாக வளராத சூல்கள். எலுமிச்சையின் சாறு நிறைந்த முத்துகள் உள்தோலிலிருந்து உள்நோக்கி வளர்ந்த மயிர்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

எத்தனை பூக்களிலிருந்து கனி உருவானது என்ற கேள்வி இதன்பின் எழ வேண்டும். ஒரு பூவின் ஒரே சூலகத்திலிருந்து வருவது தனிக்கனி. சீத்தாப்பழத்தைப் போல ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து வருவது திரள்கனி. பலாவைப் போல முழு மஞ்சரியே ஒன்றாகத் திரண்டு வருவது கூட்டுக்கனி. பலாச்சுளை ஒவ்வொன்றும் ஒரு பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றானது. சுளைகளுக்கு இடையில் நிற்கும் நார்ச்சக்கை கருவுறாத பூக்களின் எச்சம். முந்திரிப்பழமும் கனியன்று, பருத்த காம்பே; அதன் நுனியில் தொங்கும் கொட்டையே கனி.

உலர்ந்த கனிகளில், முதிர்ந்ததும் தானே வெடிக்கிறதா என்பதே பிரிக்கும் கோடு. அவரையினத்துக் கனி இரு ஓரங்களிலும் பிளக்கும், முற்றிய வெண்டை அறைகளின் நடுவில் நீளவாக்கில் பிளக்கும், சூரியகாந்தி வெடிக்காது. நிலக்கடலை அவரையினத்தைச் சேர்ந்திருந்தும், மண்ணுக்குள் முதிர்வதால் தானாகப் பிளப்பதில்லை.

இறுதியாக விதையைத் திறக்க வேண்டும். ஊறிய மொச்சையை அழுத்தினால் தழும்பின் அருகில் உள்ள விதைத்துளையில் நீர் கசியும். உறையை உரித்தால் இரண்டு தடித்த விதையிலைகளும், அவற்றிடையே முளைவேரும் முளைக்குருத்தும் காணப்படும். உணவு விதையிலைகளுக்குள் சென்றுவிட்டதால் அங்குக் கருவூண் எஞ்சுவதில்லை. ஆமணக்கில் விதையிலைகள் தாளைப்போல் மெலிந்து நரம்புகளுடன் இருக்க, சுற்றிலும் எண்ணெய் நிறைந்த கருவூண் உள்ளது. அதைத் தாளில் தேய்த்தால் எண்ணெய்க் கறை படியும். மக்காச்சோள மணியை நெடுக்காக வெட்டி அயோடின் இட்டால் மாவு நிறைந்த கருவூண் கருநீலமாகி, ஓரத்தில் கருவும் அதன் ஒற்றை விதையிலையும் வெளிர்நிறத்தில் தனித்து நிற்கும். அத்தகைய ஒற்றை விதையிலை கருவூணை உறிஞ்சிப் பருத்து வளர்வதைக் கண்ணால் காண விரும்புவோர் முளைவிட்ட தேங்காயை உடைக்கலாம். உள்ளே இருக்கும் தேங்காய்ப்பூவும், முளைத்த பனங்கொட்டையின் தவுணும் அவ்விதையிலையே.